மலைக்கு அந்தப்பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை விமானத்துக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். டிக்கெட்டைக் கையில் வாங்கியதுமே வழக்கு.

"தூரம் நூத்திப்பத்து கிலோமீட்டர். வேகம் மணிக்கு முந்நூத்தி முப்பது. அப்ப இருபது நிமிஷம். நீங்க நாப்பதுன்னு போட்டிருக்கீங்க. மீதி இருபது நிமிஷம் மேல என்ன பண்றீங்க?"

"நடுவுல ஒரு மலை நிக்குதுங்க. சுத்திப் போனா நாப்பது. கணவாய் திறந்திருந்தா உள்ள பூந்து இருபத்தெட்டுல போயிடலாம். இன்னைக்கு எதுன்னு அந்தப்பக்கத்தைக் கேட்டாத்தான் தெரியும்."

அவர் எதிரிலேயே போன் போட்டேன். மலைக்கு அந்தப்பக்கத்து நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சொன்னார்: "கணவாய் முக்கால்வாசி மூடியிருக்கு சார். ஆனா மேல்காத்து நல்லா தள்ளுது. பத்து நிமிஷம் பொறுத்து விடுங்க. திறந்துடும்."

பொறுத்து விட்டேன். திறந்தது. இருபத்தொன்பது நிமிடத்தில் இறங்கிவிட்டது. வாத்தியார் இந்நேரம் அந்த ஊரில் யாரிடமாவது பாக்கி ஒன்பது நிமிடத்துக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆறு வருடமாகப் பார்க்கிறேன். அந்த அம்மா "திறந்துடும்" என்று சொன்னால் திறக்கிறது. "வேண்டாம் சார், சுத்தி அனுப்புங்க" என்றால் கால் மணி நேரத்தில் கணவாய் பூட்டிக்கொள்கிறது. மேகம் இவருக்குச் சொந்தக்காரரா என்ன?

ஜூன் 5, வியாழன்

ரன்வேயில் நாய். நானும் சுமைக்காரரும் மாறி மாறித் துரத்தினோம். அதற்கு அது விளையாட்டு. கேப்டன் மேலே இரண்டு சுற்று சுற்றிவிட்டு ரேடியோவில், "யாரு ஜெயிச்சது?" என்றார்.

அந்தப்பக்கம் இதைக் கேட்டுச் சிரித்தது. சத்தமில்லாமல், மூச்சால் சிரிக்கிற சிரிப்பு. சாயங்காலம் வரை காதிலேயே இருந்தது. இதையெல்லாம் எழுதி வைக்கிறேனே, எனக்கென்ன பதினெட்டு வயதா? நாற்பத்தாறு.

ஜூன் 9, திங்கள்

மாலை விமானம் அங்கே இறங்கியது. வழக்கம்போல "தரை தொட்டாச்சு சார்" என்றார். வழக்கம்போல வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சார், ஒரு விஷயம். தலைநகர் விமான நிலையத்துல, வானிலைப் பிரிவுல எனக்கு இடம் போட்டிருக்காங்க. ஜூலை ஒண்ணாம் தேதி சேரணும்."

"வாழ்த்துகள் மேடம்" என்றேன். நல்ல கணீர்க் குரலில். பரிசளிப்பு விழாவில் சொல்வதுபோல.

"தேங்க்ஸ் சார்" என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். வாழ்த்துகள் மேடமாம்! வேற ஒரு வார்த்தை வரலையா உனக்கு? ஆறு வருஷமா தினமும் நாலு தடவை கேட்ட குரல் போகப்போகுதுன்னு சொல்லுது, நீ வாழ்த்து சொல்லிட்டு பல்லைக் காட்டிட்டு நிக்கிற.

சந்தோஷமாகவும் இருக்கிறது, அது பொய்யில்லை. அந்த மூளை இந்த மூலையில் ஒரு பெரிய விமானத்தைக்கூடப் பார்க்காமல் கிடந்தது அநியாயம். போகட்டும். போகத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதை அவர் தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

ஜூன் 10, செவ்வாய்

கணவாய் திறந்திருந்தது. வேறு எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

தங்கைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பக்கத்து வீடு என்பதால் காலையில் வாசலிலேயே மடக்கினாள்.

"அண்ணா, மூணு நாளா சாப்பிட உக்கார்ற, தட்டைப் பாக்குற, எழுந்து போற. தட்டுலயா மேகம் தெரியுது?"

சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, பாதி. மீதியை அவளே முடித்தாள்.

"அந்தப்பக்கத்து அம்மாவை நேர்ல பாத்திருக்கியா?"

இல்லை. எப்படிப் பார்ப்பது? இரண்டு ஊர் நிலையத்திலும் விமானத்தை அனுப்பி வாங்க லைசென்ஸ் உள்ள ஆள் ஒவ்வொருவர்தான். விமானம் அந்தப்பக்கம் தரை தொட்டது என்று செய்தி வரும்வரை இந்தப்பக்கத்து ஆள் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நடுவழியில் மேகம் மூடிவிட்டால் விமானம் திரும்பி வர வேண்டிய இடம் இதுதான். அவருக்கும் இதே சட்டம். ஆக, இந்த விமானத்தில் ஏறவே முடியாத ஆட்கள் உலகத்தில் இரண்டு பேர்: நானும் அவரும். லீவு போட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து மாற்று ஆள் வருவார் என்று சொல்வார்கள். அந்த மாற்று ஆள் ஆறு வருடமாக வந்துகொண்டே இருக்கிறார்.

போனில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேகத்தின் படம். என்னுடையதில் விமானத்தின் வால்.

"அப்ப போன்ல கேட்டுடு" என்றாள் தங்கை.

அலுவலக போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. சொந்த எண்ணில் இதுவரை கூப்பிட்டதில்லை. அதோடு, இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதையும் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை விமானம் காலையில் ஒரு நடைதான். ஞாயிறு விமானம் இல்லை. பஸ் பன்னிரண்டு மணி நேரம். சனி மதியம் ஏறினால் நள்ளிரவில் அங்கே. ஞாயிறு காலை பார்க்கலாம், மாலை பஸ் பிடித்தால் திங்கள் விடிய வேலைக்கு வந்துவிடலாம். பறந்தால் அரை மணி நேரம்கூட ஆகாத ஊர். போகட்டும்.

போகிறேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "எதுக்கு சார்?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதிலைத்தானே அங்கே போய்ச் சொல்லப்போகிறேன்.

ஜூன் 14, சனி

நடுவழிக் கடை. மாலை வெளிச்சம் இன்னும் இருக்கிறது. இரு பக்கத்து பஸ்களும் இங்கேதான் நிற்கின்றன, டிரைவர்கள் சாப்பிடுகிறார்கள். இருபது நிமிடம் என்றார்கள்.

என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துப் பார்த்து நாக்கு வறண்டுவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நான் ஏதோ ஜபம் செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. இரவுக்குள் பெய்யும். எதிர்ப்பக்கத்து பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, பச்சை ஸ்வெட்டர், ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பள்ளம். விழுந்து வைக்கப்போகிறாரே என்று எனக்குப் பதைத்தது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

என்ன எழுதுவது. எங்கிருந்து ஆரம்பிப்பது.

ராத்திரி பெரிய மழை. பஸ் நிலையத்து லாட்ஜில் தூங்கி எழுந்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு அவருடைய நிலையத்துக்குப் போனேன். பின்பக்கம் அவர் குடியிருக்கும் அறை. பூட்டு.

காவலாளி குடையோடு வந்தார். "அம்மா இல்லீங்களே. நேத்து மத்தியானமே பஸ் ஏறிட்டாங்க. மலைக்கு அந்தப்பக்கம் ஒருத்தரைப் பாக்கணும்னாங்க."

"அந்தப்பக்கம்னா?"

"நம்ம விமானம் போகுதுல்ல, அந்த ஊரு."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்தது. திரையில் மேகம்.

"சார், எங்க இருக்கீங்க?"

"உங்க வாசல்ல மேடம்."

அந்தப்பக்கம் முதலில் அந்த மூச்சுச் சிரிப்பு. பிறகு நிஜச் சிரிப்பு. அதை நான் இதுவரை கேட்டதில்லை. நானும் சிரித்தேன். காவலாளி எங்கள் நிறுவனத்தின் தரத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"நான் உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். உங்க தங்கச்சி காபி கொடுத்துட்டே என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும் சார்?"

"எல்லாம் தெரியும்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் மேலே கேட்கவில்லை.

"நீங்க எதுக்கு மேடம் வந்தீங்க?"

"ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னு." என்ன பார்க்க, யாரைப் பார்க்க என்று சொல்லவில்லை.

சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பலாம் என்று முடிவு செய்தோம். மதியம் செய்தி வந்தது: மண் சரிந்து ரோடு அடைப்பு. ஒரு வாரம் ஆகலாமாம்.

இரண்டு பேரும் தலைமை அலுவலகத்துக்குத் தனித்தனியாகச் சொன்னோம். மேலாளர் என்னிடம் கேட்டார்: "அவங்க அங்க, நீங்க இங்க. சரிதானே?" "இல்ல சார், நான் அங்க, அவங்க இங்க." "அதாவது அவங்க எங்க?" நாலு தடவை சொன்ன பிறகு பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே லைசென்ஸ்தானே. இருக்கிற இடத்துல வேலையைப் பாருங்க. இதை நான் யாருக்கும் சொல்லப்போறதில்ல. நீங்களும் சொல்லாதீங்க."

ஊர் மாறியும் தூரம் மாறவில்லை. அதே நூற்றுப்பத்து கிலோமீட்டர்.

ஜூன் 16, திங்கள்

இன்று கண் திறந்தது.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே பெரிய ஜன்னல். காலை விமானத்துக்கு அவர் அங்கிருந்து கேட்டார்: "கணவாய் எப்படி இருக்கு சார்?" ஜன்னலைப் பார்த்தேன். ரன்வே தெரிகிறது. காற்றின் திசை காட்டும் துணிப்பை தெரிகிறது. கணவாய் தெரியவில்லை! முன்னால் ஒரு குன்று மறைக்கிறது.

"மேடம், கணவாய் எங்க?"

"வெளிய வாங்க. பின்னாடி தண்ணித் தொட்டி இருக்குல்ல, அதுல இரும்பு ஏணி. மேல ஏறிப் பாருங்க. நாலாவது படி ஆடும், காலை ஓரமா வைங்க."

ஏறினேன். மூன்று மாடி உயரம். மழையில் ஈரம். பாதியில் கீழே பார்த்துவிட்டேன். மேலே போய்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்தேன். கணவாய் முழுசாகத் தெரிந்தது. மேகம் அடியில் கிழிந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

ஆறு வருடம். தினமும் நாலு தடவை கேட்டிருக்கிறேன்: "கணவாய் எப்படி மேடம்?" "ஒரு நிமிஷம் சார்" என்பார். ஜன்னல் திரையை விலக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் இந்த ஏணி. மழையில், காற்றில், கேட்ட போதெல்லாம். ஒரு நாள் சலித்துக்கொண்டதில்லை. ஒரு நாள் "நேத்து மாதிரிதான் சார்" என்று ஒப்பேற்றியதில்லை. ஒப்பேற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவா போகிறது?

இறங்கி வந்து சொன்னேன்: "மேடம், நீங்க ஒரு தடவைகூட சொல்லலையே."

"என்னத்தை?"

"ஏணியை."

"நீங்க கேட்டது கணவாயைத்தானே சார்."

பத்தொன்பது பேர் உட்காரும் விமானம். இத்தனை வருடமாக அதில் போனவர்கள் எல்லாரும் இந்த ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் மலையைத் தாண்டியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாமல். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

தங்கை போன் செய்தாள். அந்த அம்மா அவள் வீட்டில்தான் தங்குகிறார். இரண்டே நாளில் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டு அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

"அண்ணா, இவங்க உன் ஆபீஸைப் பாத்துட்டு வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? போன் மைக் சுவத்துல உயரத்துல இருக்காம். உக்காந்தா எட்டாதாம். 'இத்தனை வருஷமும் அவர் நின்னுக்கிட்டேவா பேசினாரு'ன்னு கேட்டாங்க."

நின்றுகொண்டுதான் பேசுவேன். உட்கார்ந்து பேசலாம் என்று தோன்றியதே இல்லை.

"குளிர்ல வந்திருக்காங்க, பாவம், ஒரே ஒரு பச்சை ஸ்வெட்டர்தான் வச்சிருக்காங்க" என்றாள் பேச்சுவாக்கில்.

பச்சை ஸ்வெட்டர்.

ஐயோ. சுவர் மேல நின்னு மேகம் பாத்த அம்மா. பத்தடி தூரம்! நானும் அதே மேகத்தைத்தானே பாத்துக்கிட்டு நின்னேன். "ஏங்க, இறங்குங்க"ன்னு வாயைத் திறந்திருந்தா போதும், குரலைக் கேட்டே திரும்பியிருப்பாங்களே. ஏறி நின்னு மேகம் பாக்குற ஆள் இந்த மலையில எத்தனை பேர் இருப்பாங்க? மடையன்.

அவரிடம் சொன்னேன். "டீ கிளாஸை கையில வச்சுக்கிட்டு குடிக்காம நின்னது நீங்களா?" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

நாளை ரோடு திறக்கிறார்கள். நாளை மதியம் பஸ் ஏறி அவரவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அதன் பிறகு அவருக்குப் பத்து நாள்.

இன்று கடைசி விமானம் என்னிடமிருந்து கிளம்பி அவரிடம் போய்க்கொண்டிருந்தது. விமானம் மேலே இருக்கும்போது நாங்கள் அதிகம் பேசுவதில்லை. போன் மட்டும் திறந்தே இருக்கும், அந்தப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது கேட்கும். இன்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது: முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எதற்காகக் கிடந்து தவிக்கிறேன்? எனக்குத் தெரிந்த ஆள் இதோ இந்தக் காதில்தானே இருக்கிறார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"வண்டி இறங்கட்டும் சார். அப்புறம் கேளுங்க."

பாருங்கள், அதுதான் அவர். நான் என் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவருக்கு முதலில் பத்தொன்பது பேர் தரைக்கு வர வேண்டும். அந்த நிமிடத்தில் அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

"தரை தொட்டாச்சு. இப்ப கேளுங்க."

பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்த அத்தனையும் காணாமல் போயிருந்தது.

"நீங்க தலைநகருக்குப் போறீங்கல்ல. நானும் வரட்டுமா?"

"வேலை மாத்திக்கிட்டா?"

"வேலை கிடைச்சா வேலைக்கு. கிடைக்கலைன்னாலும். உங்ககூட. கல்யாணம் பண்ணிக்கிட்டு." போன் பதிவாகிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போகட்டும், மேலாளர் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு நிமிடம் இருக்கும். ஏணி ஏறி இறங்கிவிடலாம்.

"உங்க தங்கச்சி நாலு நாளா இதையேதான் சுத்திச் சுத்திக் கேட்டுட்டு இருக்காங்க. நீங்க கேக்காம நான் சொல்றதில்லன்னு இருந்தேன்."

"என்ன சொல்வீங்க?"

"வாங்க சார்."

சந்தோஷமாக இருக்கிறது. இதை வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை.

ஜூன் 21, சனி

நடுவழிக் கடை. இரண்டு பஸ்ஸும் நின்றன. பச்சை ஸ்வெட்டர் இறங்கியது.

நினைத்ததைவிடக் குள்ளம். முன்தலையில் நரை. உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது. பார்த்ததும் தெரிந்தது, ஏணி. நான் அவர் நினைத்ததைவிட ஒல்லியாம். அதைத் தவிர இருபது நிமிடத்தில் நாங்கள் பேசியது:

"மழை விட்டுடுச்சு."

"ஆமா, விட்டுடுச்சு."

இரண்டு பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. ஒருவரை ஒருவர் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதும். டீ ஆறிவிட்டது. ஹாரன் அடித்தது. அவர் பஸ் வளைவில் திரும்பி மறையும் வரை நின்றேன். பஸ் கிளம்பி ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. சிக்னல் போகும் வரை பேசிக்கொண்டே வந்தோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

இந்த நோட்டை நாலு மாதமாகத் தொடவில்லை. வீடு மாறியது, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, தங்கை அழுதது, எனக்கு இங்கே தலைநகரில் சரக்கு விமானப் பிரிவில் வேலை. எழுத நேரமில்லை என்பதைவிட, எழுதிச் சொல்ல வேண்டியதில்லாமல் இருந்தது.

மேடம் இப்போது ‘அவள்’ ஆகிவிட்டாள். அவளுக்கு விமான நிலையத்தில் எல்லாக் கருவியும் இருக்கிறது, முழங்கால் வலிக்க ஏற ஒன்றுமில்லை. ஆனாலும் பெரிய அதிகாரிகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். முதல் மாதம் சிரித்தார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் கூடவே வெளியே வந்தாராம். சொல்லிவிட்டு, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

இன்று காலை சண்டை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது. நேருக்கு நேர் சண்டை போட எங்களுக்கு இன்னும் வரவில்லை. அவள் என் காதைப் பார்க்கிறாள், நான் அவள் செருப்பைப் பார்க்கிறேன். கடைசியில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டோம். அரை மணி நேரமாக வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

இதோ, போன் அடிக்கிறது. திரையில் மேகம். பக்கத்து அறையில் அவள் தொண்டையைச் செருமுவது சுவர் வழியாகக் கேட்கிறது.

எழுந்து நின்று எடுக்கிறேன்.